முன்பாரம், பின்பாரம்

மொத்தம் நாலு நொடிதான் பறந்தது. கையை விட்டதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறியது. ஒரு கணம் அந்தரத்தில் அப்படியே நின்றது. பிறகு இடது பக்கம் சரிந்து, குத்திட்டுக் கீழே வந்துவிட்டது. ஹொஸ்கோட்டையைத் தாண்டி, தண்ணீர் வற்றிக் கிடந்த ஓர் ஏரித் திடல். ஞாயிறு காலை ஏழு மணி. பையன் ரிமோட்டைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான். எட்டாம் வகுப்புப் பையன்கள் அழமாட்டார்கள் அல்லவா? அதனால் பேசாமல் இருந்தான். வீடு வரும்வரை காரில் ஒரு வார்த்தை இல்லை. அப்பார்ட்மெண்ட் வாசலில் இறங்கும்போது மட்டும், "இனிமே வேண்டாம்ப்பா, யாருக்காவது குடுத்துடலாம்" என்றான்.

ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான இறக்கை, எழுநூறு கிராம் எடை, தெர்மகோல் போன்ற ஃபோம் உடம்பு. பழகுகிறவர்களுக்கான விமானம். இரண்டு மாதம் கெஞ்சி வாங்கியது. விலையைச் சொன்னால் ஊரிலிருக்கும் அம்மா திட்டுவாள். இதற்கு முந்தைய ஞாயிறு அது நன்றாகத்தான் பறந்தது. இறங்கும்போது வால் மட்டும் ஒரு கல்லில் பட்டு உடைந்தது. நாங்கள் இருவரும் ஒரு வாரம் உட்கார்ந்து, பிளைவுட் சில்லு வைத்து, அரால்டைட் பூசி, முன்பைவிட உறுதியாக ஒட்டினோம். உறுதியாக ஒட்டியதுதான் தப்பு என்று அப்போது தெரியாது.

எங்கள் கட்டிடத்தின் தரைத்தளத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். எண்பதை நெருங்கும் வயது. கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவராம். இவர் இருபது வயதில் பெங்களூர் எச்.ஏ.எல்.லில் சேர்ந்து, நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழும் கன்னடமும் கலந்த பேச்சு. படியேறும்போது எங்கள் கையிலிருந்த சிதைந்த விமானத்தைப் பார்த்தார். "வாலு கனம் ஜாஸ்தி ஆயிருக்கு தம்பி" என்றார். பறந்ததை அவர் பார்க்கவில்லை. விழுந்ததையும் பார்க்கவில்லை. ஒட்டிய இடத்தை மட்டும்தான் பார்த்தார்.

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். இறக்கையின் முன் விளிம்பிலிருந்து ஆறு சென்டிமீட்டர் அளந்து, இரண்டு பக்கமும் அடியில் பென்சிலால் புள்ளி வைத்தார். அந்தப் புள்ளிகளில் இரண்டு ஆள்காட்டி விரல்களை வைத்து விமானத்தைத் தூக்கினார். வால் தொப்பென்று கீழே போனது.

"மூக்கு லேசா கீழ பாத்து நிக்கணும். இது வானத்தைப் பாக்குது" என்றவர், பையனிடம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். வாலில் நாங்கள் சேர்த்த பசையும் பலகையும் இருபது கிராம். புள்ளியிலிருந்து வால் அறுபது சென்டிமீட்டர் தூரம். இருபது பெருக்கல் அறுபது, ஆயிரத்து இருநூறு. மூக்கு நுனியோ புள்ளியிலிருந்து இருபது சென்டிமீட்டர்தான். அங்கே ஆயிரத்து இருநூறு வர வேண்டுமென்றால் அறுபது கிராம் வைக்க வேண்டும். வாலில் ஒன்று என்றால் மூக்கில் மூன்று.

பி.காம். படித்தவர்களுக்கு இது புதிதே அல்ல. ஆவரேஜ் டியூ டேட் என்று ஒரு பாடம் உண்டு, ஞாபகமிருக்கிறதா? வெவ்வேறு தேதிகளில் தரவேண்டிய தொகைகளை, ஒவ்வொன்றையும் நாட்களால் பெருக்கிக் கூட்டி, மொத்தத் தொகையால் வகுத்தால் ஒரே ஒரு தேதி வரும். அந்த ஒரு நாளில் எல்லாவற்றையும் மொத்தமாகக் கட்டினால் யாருக்கும் வட்டி நஷ்டமில்லை. தொகைக்குப் பதில் கிராம், நாளுக்குப் பதில் சென்டிமீட்டர் போடுங்கள். கிடைப்பது விமானத்தின் எடை மையம். சின்னத் தொகை நீண்ட நாள் கிடந்தால் எப்படிப் பெரிய வட்டி கேட்குமோ, அப்படித்தான் வாலில் கிடந்த இருபது கிராமும். இருபது வருஷமாக வங்கியில் போட்ட கணக்கை, ஒரு பொம்மை விமானத்தின் அடிவயிற்றில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

எனக்கு அந்த இடத்தில் தாத்தா ஞாபகம் வந்தது. எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம், கரிசல் காடு. இரட்டை மாட்டு வண்டியில் பருத்தி மூட்டை ஏற்றும்போது தாத்தா சுற்றி வந்து பார்த்துக்கொண்டே இருப்பார். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்துக் கயிறு தொண்டையை இறுக்கும். முன்பாரம் அதிகமானால் கழுத்தை அழுத்தும். கொஞ்சம் முன்பாரமாக இருப்பதுதான் மாட்டுக்குச் சுகம். "அந்த மூட்டையை ஒரு முழம் முன்னால தள்ளுடா" என்பார். அளவுகோலும் கிடையாது, கணக்கும் கிடையாது. பெரியவரிடம் இதைச் சொன்னேன். "அதேதான். மனுஷனுக்குத் தலைக்கனம் கூடாது, வண்டிக்கும் பிளேனுக்கும் வேணும்" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து இந்த முன்பார பின்பாரக் கதையைத் துரத்திக்கொண்டு கொஞ்சம் படித்தேன். பெங்களூரில் விமானம் செய்த கதையை இந்த ஒரு புள்ளியை வைத்தே சொல்லிவிடலாம் போலிருக்கிறது.

முதலில், ஏன் முன்பாரம்? அம்பை நினைத்துக்கொள்ளுங்கள். முனையில் இரும்பு, பின்னால் இறகு. அம்பு கொஞ்சம் திசை மாறினால் இறகில் காற்றுப்பட்டு அதைத் திருப்பி நேராக்கும். விமானத்திலும் காற்று திடீரென்று மூக்கைத் தூக்கினால் இறக்கையிலும் வாலிலும் கூடுதல் தூக்குவிசை உண்டாகிறது. அந்தக் கூடுதல் விசை முழுவதும் ஓர் இடத்தில் செயல்படுவதாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு நடுநிலைப் புள்ளி என்று பெயர். எடை மையம் அந்தப் புள்ளிக்கு முன்னால் இருந்தால், கூடுதல் விசை பின்பக்கத்தைத் தூக்கி மூக்கைத் தானே இறக்கிவிடும். எடை மையம் பின்னால் போய்விட்டால், எழும்பிய மூக்கு இன்னும் எழும்பும். எழும்ப எழும்ப இன்னும் எழும்பும். எங்கள் நாலு நொடி அதுதான்.

இதை முதலில் செய்து காட்டியவர் அல்ஃபோன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சு இளைஞர். 1871 ஆகஸ்டில் பாரிஸ் துய்லரி தோட்டத்தில், முறுக்கிய ரப்பரில் ஓடும் ஒரு சின்ன விமானத்தைப் பறக்கவிட்டார். பதினாறு கிராம்தான். பதினோரு நொடியில் நாற்பது மீட்டர் போனது, யார் கையும் படாமல் தன்னைத்தானே நேராக்கிக்கொண்டு. எடையை முன்னால் வைத்து, பின்னால் ஒரு சின்ன வாலைச் சற்றுக் கீழ்க்கோணத்தில் பொருத்தியதுதான் அவருடைய வித்தை. இன்று பையன் கையில் இருப்பது வரை எல்லா மாடல் விமானமும் அந்த அமைப்பின் வாரிசுதான்.

வேடிக்கை என்னவென்றால், பெனோ செய்த இன்னொரு பொம்மையை, ரப்பரில் பறக்கும் ஹெலிகாப்டரை, ரைட் சகோதரர்களுக்குச் சிறுவயதில் அவர்களுடைய அப்பா வாங்கிக் கொடுத்தார். அதில்தான் தங்களுக்குப் பறக்கும் ஆசை வந்தது என்று அவர்களே பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வளர்ந்து விமானம் செய்தபோது அவர்கள் பெனோ வழியில் போகவில்லை. உயரத்தை மாற்றும் தகட்டை வாலில் வைக்காமல் முன்னால் வைத்தார்கள். 1903-ல் பறந்த அவர்களுடைய விமானம் பின்பார வண்டி. ஓட்டுகிறவர் ஒவ்வொரு கணமும் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த வருஷம் ஓஹாயோ மேய்ச்சல் நிலத்தில் அவர்களுடைய அடுத்த விமானமும் குதிரை மாதிரித் துள்ளியபோது, முன்பக்கத்தில் முப்பது கிலோவுக்கு மேல் இரும்பைக் கட்டிவைத்துத்தான் கொஞ்சம் அடக்கினார்கள். உலகத்தின் முதல் விமானம் செய்தவர்களுக்கும் கடைசியில் மூக்கில் வெயிட் கட்ட வேண்டி வந்தது என்று சொன்னபோது பையன் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

சரி, நம் ஊருக்கு வருவோம். (பெங்களூர் எப்போது "நம் ஊர்" ஆனது என்று கேட்காதீர்கள். வந்து பதினேழு வருஷமாகிறது. பையனுக்குக் கன்னடம்தான் முதலில் வருகிறது.) 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் என்ற தொழிலதிபர் மைசூர் அரசோடு சேர்ந்து ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் கம்பெனியை இங்கே தொடங்கினார். 1942-ல் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்று பழைய ஆட்கள் சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில் விமானப் பொறியியல் துறை வந்தது. அதைத் தொடங்கி நடத்தியவர்களில் ஒருவர் வி.எம். காட்கே. ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரில் பிரான்டல் என்ற மேதையிடம் ஆராய்ச்சி செய்தவர். அவர் எச்.ஏ.எல்.லுக்கு வந்து வடிவமைத்த எச்.டி-2 பயிற்சி விமானம் 1951 ஆகஸ்டில் பறந்தது. முன்னால் ஒரு இன்ஜின், பின்னால் வால். பெனோ வழி.

1956-ல் கூர்ட் டாங்க் வந்தார். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனிக்கு ஃபோக்-வுல்ஃப் 190 செய்துகொடுத்தவர். போருக்குப் பிறகு அர்ஜென்டினாவில் சில வருஷம், அப்புறம் பெங்களூர். அவருடைய தலைமையில் உருவானது எச்.எஃப்-24 மாருத். இந்தியாவில் வடிவமைத்த முதல் ஜெட் போர் விமானம். அதைச் செய்வதற்கு முன்னால் அவர்கள் செய்த காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. முழு அளவில், மரத்தால், இன்ஜினே இல்லாமல் ஒரு மாருத்தைச் செய்தார்கள். எக்ஸ்-241 என்று பெயர். இரண்டு பேர் உட்காரலாம். 1959-ல் ஒரு டகோட்டா விமானம் இதைக் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொண்டு போனது. உயரத்தில் கயிற்றை அவிழ்த்துவிட்டால் விமானி மெல்ல இறங்கி வரவேண்டியதுதான். சொல்லப்போனால், ஆள் உட்கார்ந்து பறந்த மாடல் விமானம். நிஜ மாருத்தில் இரண்டு இன்ஜினும் பின்னால் இருந்தன. மரச் சட்டத்தில் இன்ஜினே இல்லை. அதனால் மொத்த எடை குறைந்தாலும் பரவாயில்லை, எடை மையம் மட்டும் இடம் மாறக்கூடாது. மாறினால் சோதனைக்கே அர்த்தமில்லை. மரத்தில் பார்த்துத் தெளிந்த பிறகுதான் 1961 ஜூன் 17 அன்று உலோக மாருத் பறந்தது. ஓட்டியவர் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ்.

பழைய மெட்ராஸ் ரோட்டிலிருந்து பழைய ஏர்போர்ட் ரோட்டுக்குப் போக, சுரஞ்சன்தாஸ் ரோட்டில் எத்தனை தரம் டிராஃபிக்கில் நின்றிருப்போம்? அவர் பெயர்தான் அது. 1970 ஜனவரி 10 அன்று, ஆஃப்டர்பர்னர் பொருத்திய மாருத் ஒன்றைச் சோதிக்கும்போது இதே பெங்களூரில் விபத்தில் இறந்தார். பெரியவர் அப்போது எச்.ஏ.எல்.லில் இருந்தார். எதைக் கேட்டாலும் ஒரு மணி நேரம் பேசுகிறவர், அந்த நாளைப் பற்றி மட்டும் பேசமாட்டார். ஒரு தடவை கேட்டேன். "நல்ல மனுஷன்" என்று சொல்லிவிட்டு டீ போட எழுந்து போய்விட்டார்.

பெரியவருக்கு அங்கே பல வேலை. அதில் பல வருஷம் செய்தது விமானத்தை எடை போடுவது. விமானம் செய்கிறார்கள், ஓட்டுகிறார்கள் என்று தெரியும். எடை போடுவதற்கென்று ஆட்கள் உண்டு என்று எனக்குத் தெரியவே தெரியாது. அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டேன். எரிபொருளை வடித்துவிட வேண்டும். உள்ளே மறந்து வைத்த ஸ்பேனர் முதற்கொண்டு எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். ஹேங்கர் கதவுகளைச் சாத்த வேண்டும், ஏனென்றால் நிற்கிற விமானத்தின் இறக்கையில் காற்றுப் பட்டாலும் அது லேசாகத் தூக்கி எடையைக் குறைத்துக் காட்டும். ஜாக்கி வைத்துத் தூக்கி, ரசமட்டம் வைத்து நேராக்கி, மூன்று இடங்களில் எடை பார்க்க வேண்டும். மூன்று எண்களையும் தூரங்களால் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் புள்ளி வந்துவிடும். அது அனுமதித்த எல்லைக்குள் இருந்தால் கையெழுத்து. இல்லையென்றால் விமானம் நகராது. பெயிண்ட் அடித்தாலும் மறுபடி எடை. "பெயிண்ட் என்ன சும்மாவா தம்பி? கிலோ கணக்குல வரும். வாலுக்கு ரெண்டு கோட்டு ஜாஸ்தி அடிச்சான்னா போச்சு."

ராத்திரி கேஷ் டேலி ஆகாமல் பத்துப் பைசாவைத் தேடி உட்கார்ந்திருந்த பழைய வங்கிக்காரர்களுக்கு இந்த மனநிலை புரியும். ஆனால் எங்கள் தப்பில் யாரும் சாவதில்லை. மொத்தம் 147 மாருத் செய்தார்கள். 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் அவை பறந்தன. ஒன்று கஸ்தூர்பா ரோட்டில் விஸ்வேஸ்வரய்யா மியூசியத்தில் நிற்கிறது, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பீர்கள். பலகையில் வேகம் இருக்கும், நீளம் இருக்கும். எடை போட்டவர்கள் பெயரைப் பலகையில் யார் எழுதப்போகிறார்கள்?

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் விண்ட் டன்னல் ரோடு என்று ஒரு ரோடு இருக்கிறது. புதிதாக வந்தபோது, பெங்களூர்க்காரர்கள் காற்றுக்குக்கூட ரோடு போட்டிருக்கிறார்களே என்று நினைத்தேன். முருகேஷ்பாள்யாவில் தேசிய விமானவியல் ஆய்வகத்தின் காற்றுச் சுரங்கம் இருப்பதால் வந்த பெயர். அங்கே 1.2 மீட்டர் சுரங்கம் 1967-ல் ஓடத் தொடங்கியது. ஒலியைவிட வேகமான காற்றை மாடலின்மேல் பாய்ச்சிப் பார்ப்பார்கள். மாடலுக்குள் ஒரு தடி போன்ற கருவி. எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளுகிறது, எந்தப் பக்கம் முறுக்குகிறது என்று அது சொல்லும். அதற்குப் பெயர் பேலன்ஸ். தராசுதான். மேலேயும் கீழேயும் மட்டுமல்ல, எல்லாத் திசையிலும் நிறுக்கும் தராசு.

ரேடியோவில் ஓட்டும் விமானம் என்றால் பெங்களூர் செய்ததில் லக்ஷ்யாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஏ.டி.இ. என்ற பாதுகாப்பு ஆய்வகம் செய்தது. ஆளில்லாமல் பறந்து, பீரங்கிக்காரர்களும் ஏவுகணைக்காரர்களும் குறிபார்த்துப் பழகக் கயிற்றில் இலக்கை இழுத்துச் செல்லும். 1985-ல் முதலில் பறந்து 2000-ல் படையில் சேர்ந்தது. ஓடுபாதை கிடையாது, ஒரு ராக்கெட் இதைத் தள்ளிவிடும். அந்த ராக்கெட் தள்ளும் கோடு எடை மையத்தின் வழியாகப் போகாவிட்டால் கிளம்பும்போதே குட்டிக்கரணம்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் முன்பாரக் கதை. 2001 ஜனவரி 4 அன்று கதை தலைகீழானது. அன்று காலை எச்.ஏ.எல். ஓடுபாதையிலிருந்து விங் கமாண்டர் ராஜீவ் கோதியால் எல்.சி.ஏ.வை எடுத்துக்கொண்டு பறந்தார். பின்னால் தேஜஸ் என்று பெயர் வைத்தார்கள். தேஜஸை வேண்டுமென்றே பின்பாரமாகச் செய்திருக்கிறார்கள்!

காரணம் இருக்கிறது. முன்பார விமானத்தில், மூக்கு கவிழ்ந்துவிடாமல் இருக்க வால் எப்போதும் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இறக்கை விமானத்தின் எடையோடு அந்த அழுத்தத்தையும் சேர்த்துத் தூக்க வேண்டும். பத்திரமாக இருப்பதற்கு விமானம் கட்டும் வட்டி என்று வைத்துக்கொள்ளுங்களேன். சட்டென்று திரும்ப வேண்டிய போர் விமானத்துக்கு அந்த வட்டி கட்டுப்படியாகாது. எடை மையத்தைப் பின்னால் தள்ளினால் வட்டி மிச்சம், விமானம் சுறுசுறுப்பு. ஆனால் ரைட் சகோதரர்களின் துள்ளல் திரும்ப வந்துவிடும். ஜெட் வேகத்தில் அதை எந்த மனிதக் கையாலும் பிடிக்க முடியாது. அதனால் நான்கு கணினித் தடங்கள், விமானி கேட்காமலே ஒரு நொடியில் பல முறை இறக்கைத் தகடுகளை அசைத்துக்கொண்டே இருக்கும். 1974-ல் பறந்த அமெரிக்க எஃப்-16 இந்த வழியில் முன்னோடி. நம்மிடம் 1985-ல் வந்த மிராஜ்-2000-ம் அந்த வகைதான்.

வாங்குவது வேறு, அந்தக் கணினிக்குப் புத்தி சொல்லும் விதிகளை நாமே எழுதுவது வேறு. பெங்களூரில் ஒரு குழு அதை எழுதியது. 1996-ல் அமெரிக்காவில் எஃப்-16 ஒன்றில் ஏற்றிச் சோதித்தும் பார்த்தார்கள். 1998 மே மாதம் பொக்ரான் சோதனை நடந்தது. அமெரிக்கா தடை போட்டது. அங்கே வேலை செய்துகொண்டிருந்த நம் பொறியாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கருவிகளும் அங்கேயே மாட்டிக்கொண்டன. மீதி வேலையை இங்கேயே முடித்தார்கள். ஒரு தவறான வரி இருந்தால், பின்பார விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பிய சில நொடிகளில் எங்கள் ஃபோம் பிளேன் மாதிரி ஆகிவிடும். உள்ளே ஓர் ஆள் வேறு. முதல் பறத்தல் 18 நிமிஷம். அந்த 18 நிமிஷமும் கீழே நின்றவர்கள் எப்படி மூச்சு விட்டார்களோ! 2016 ஜூலையில் முதல் தேஜஸ் அணி பெங்களூரில் அமைந்தது. 2018-ல் கோவை சூலூருக்குப் போனது.

இன்னொரு சுவாரசியம். சில வருஷங்களுக்கு முன் தேஜஸின் அடுத்த வடிவம் பற்றிப் பேச்சு வந்தபோது, இருக்கிற விமானத்தில் சமநிலைக்காகச் சில நூறு கிலோ வெறும் எடை வைத்திருக்கிறார்கள், அதைக் குறைக்கப்போகிறார்கள் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். படித்ததும் பெரியவரிடம் ஓடினேன். அவர் அசரவில்லை. "வெக்காத பிளேன் எது?" என்றார்.

எல்லாமே இப்படி நல்லபடியாக முடிந்துவிடவில்லை. எச்.ஜே.டி-36 என்ற ஜெட் பயிற்சி விமானம் 2003 மார்ச்சில் பறந்தது. பயிற்சி விமானம் என்றால் சுழன்று விழ வேண்டும், விழும்போது மாணவன் மீட்டெடுக்கவும் முடிய வேண்டும். அந்தச் சுழற்சியில்தான் இது தகராறு செய்தது. வருஷக்கணக்காகத் தகராறு. 2016 வாக்கில் வேலையே நின்றுபோனது. கடைசியில் செய்தது என்ன தெரியுமா? நிற்கும் வாலைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினார்கள், அதிலுள்ள சுக்கானை நீட்டினார்கள். மாடல் விமானக்காரன் ஞாயிற்றுக்கிழமை கத்தியும் பசையும் வைத்துச் செய்யும் வேலை, அங்கே பல வருஷக் கணக்கும் காற்றுச் சுரங்கமும் கேட்டது. 2019 ஏப்ரலில் மறுபடி பறந்தது. 2022 ஜனவரியில் இரண்டு பக்கமும் ஆறு ஆறு சுற்றுச் சுழன்று மீண்டது. முதல் பறத்தலிலிருந்து எண்ணினால் கிட்டத்தட்ட பத்தொன்பது வருஷம். 2025-ல் யஷஸ் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். இத்தனை தாமதத்தைக் கிண்டல் செய்து எழுதினவர்களும் உண்டு, நானும் ஒரு காலத்தில் ஆபீஸ் கேன்டீனில் பேசியிருக்கிறேன். இருபது கிராமில் விழுந்த பிறகு பேசுவதில்லை.

பையன் கதைக்கு வருகிறேன். பெரியவர் உடனே மூக்கில் அறுபது கிராம் வைக்கச் சொல்லவில்லை. "மொதல்ல உள்ள இருக்கறத நகத்து. அப்புறமா புதுசா சேரு" என்றார். பேட்டரி 150 கிராம். அதை நாலு சென்டிமீட்டர் முன்னால் தள்ளினோம். 150 பெருக்கல் 4, அறுநூறு. பாதிக் கடன் செலவில்லாமல் தீர்ந்தது. மீதி அறுநூறுக்கு மூக்கில் முப்பது கிராம். பக்கத்து டயர் கடையில் வீல் பேலன்சிங்குக்கு ஒட்டும் ஐந்து கிராம் வெயிட் ஆறு கேட்டு வாங்கி வந்தான். கடைக்காரர் காசு வாங்கவில்லையாம். பிறகு மூக்கையும் வால் நுனியையும் மட்டும் பிடித்துத் தொங்கவிட்டுப் பார்த்தார். இடது இறக்கை இறங்கியது. வலது இறக்கை நுனியில் ஒரு குண்டூசியைச் செருகினதும் நேரானது. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதச் சொன்னார். பையன் தமிழில் எழுதத் தடுமாறினான். "கன்னடத்துலயே எழுது, எனக்குப் படிக்க வரும்" என்றார்.

அடுத்த ஞாயிறு அவரும் காரில் வந்தார். எங்கள் வீட்டுப் பக்கம் ஓடுபாதை இருப்பதால் வரைபடத்தில் எல்லாம் சிவப்பு, எதையும் பறக்கவிடக் கூடாது. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் பச்சை நிறம் உள்ள இடத்துக்கு இவ்வளவு தூரம். முதலில் மோட்டார் போடாமல், புல் வளர்ந்த இடத்தில் கையால் மெல்லத் தள்ளிவிட்டுப் பார்க்கச் சொன்னார். நேராக மிதந்து போய்ப் பத்தடியில் உட்கார்ந்தது. அப்புறம்தான் மோட்டார்.

விமானம் எழும்பியது. மூக்கு லேசாக மேலே போனது. பையன் டிரிம் பொத்தானைக் கீழே இரண்டு தட்டுத் தட்டினான். இன்னும் ஒன்று. வலது பக்கம் ஒரு தட்டு. அவ்வளவுதான். குச்சியிலிருந்து விரலை எடுத்தான். விமானம் தானாக, நேர்கோட்டில், ஏரியின் அந்தக் கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நான் பெரியவரைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, சூரியனுக்கு எதிராக அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று நினைத்தேன். ஒன்பது நிமிஷம் கழித்து இறங்கியபோது வால் உடையவில்லை.

பையன் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. பெரியவர் அதை வாங்கி, டிரிம் தட்டியதால் வால் தகடு எவ்வளவு விலகி நிற்கிறது என்று நகத்தால் அளந்து பார்த்தார்.

"ஒரு மில்லிமீட்டர். வீட்டுக்குப் போய் கம்பியத் திருகி சரி பண்ணிடு. நோட்டு எங்க?"

நோட்டை நாங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தோம்.